மூளையைக் கழற்றி வைக்கத் தேவையில்லை: அசட்டு மியூசிக்கல் ரசிகரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் தனியாக உட்கார்ந்து நான் எதையாவது பார்த்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று திரையைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், அதற்கப்புறம் ஏதாவது கேட்பார்கள். வருடக்கணக்கில் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் படத்தை நிறுத்திவிட்டு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லாததால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். சில காட்சிகளை அப்படியே சொல்லியிருக்கிறேன், கதை தெரிந்துவிட்டால் படம் பிடிக்காது என்கிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதை. இந்த வகைப் படத்தில் கதை தெரிந்து நஷ்டப்பட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அசட்டு மியூசிக்கல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பாத்திரங்கள் பேசிக்கொண்டே இருந்து, பேச்சு போதாமல் பாட ஆரம்பித்துவிடும் படம் மியூசிக்கல். அதன் கதையை நண்பரிடம் இரண்டு வரியில் சொல்லும்போது உங்களுக்கே லேசாகக் கூச்சமாக இருந்தால் அது அசட்டு மியூசிக்கல்.

2008இல் வந்த மம்மா மியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத் தீவு ஒன்றில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். அப்பா யார் என்று தெரியாது. அம்மாவின் பழைய டைரியைத் திருட்டுத்தனமாகப் படித்ததில் மூன்று பேருக்கு வாய்ப்பு இருப்பதாகத் தெரிகிறது. அம்மாவுக்குச் சொல்லாமல் மூன்று பேருக்கும் கல்யாணப் பத்திரிகை அனுப்பிவிடுகிறாள், மூன்று பேரும் ஒரே படகில் வந்து இறங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. மீதி முழுக்க, 1970களில் ஸ்வீடனிலிருந்து கிளம்பி உலகத்தையே ஆட வைத்த ஒரு குழுவின் பாட்டுகள். அந்தக் குழுவின் பெயரைத் தமிழில் எழுதப் போனால் 'அப்பா' (ABBA) என்றே எழுதிவிடலாம், படமும் அப்பாவைத் தேடுகிற படம். எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. நமக்கு மட்டும் கிடைத்த போனஸ்.

இப்படி ஏற்கெனவே ஊரறிந்த பாட்டுகளை வைத்துக்கொண்டு அவற்றைச் சுற்றிக் கதை கட்டுவதற்கு ஜூக்பாக்ஸ் மியூசிக்கல் என்று பெயர். பாட்டுக்காகக் கதையை வளைப்பார்கள், அந்த வளைவு வெளியே தெரியும், ஒரு பாத்திரம் வாயைத் திறக்கும்போதே "ஐயோ, இப்போது அந்தப் பாட்டு வரப்போகிறது" என்று நமக்குத் தெரிந்துவிடும். பாதிச் சிரிப்பு அதில்தான்.

நம் படங்கள் எல்லாவற்றிலும் பாட்டு இருக்கிறதே, அப்போது எல்லாமே மியூசிக்கல்தானே?

இந்தக் கேள்வி மட்டும் வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. நியாயமான கேள்வியும்கூட. 1932இல் வந்த இந்தி இந்திரசபாவில் ஏறத்தாழ எழுபது பாட்டு. அதற்கு நேர் எதிராக, 1954இல் வந்த அந்த நாளில் ஒரு பாட்டுகூடக் கிடையாது, அதை இன்றைக்கும் ஒரு சாதனையாகத்தான் பேசுகிறோம். பாட்டு இல்லாததை அதிசயமாகச் சொல்கிற அளவுக்குப் பாட்டு நமக்குச் சாதாரணம்.

வித்தியாசம் பாட்டுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நம் படங்களின் பல பாட்டுகளை வெட்டி எடுத்துவிட்டாலும் கதை அப்படியே ஓடும். பாட்டில் பனிமலையில் ஆடிவிட்டு வந்த ஜோடி, அடுத்த காட்சியில் தாங்கள் ஆடியதே தெரியாதது போல பஸ்ஸுக்கு நிற்பார்கள். மியூசிக்கலில் பாட்டை வெட்டினால் கதையில் ஓட்டை விழும். பாட்டு ஆரம்பிக்கும்போது ஒரு முடிவில் இருந்தவர் பாட்டு முடியும்போது வேறு முடிவுக்கு வந்திருப்பார். அந்தக் கணக்குப்படி நம்மிடமும் அசல் மியூசிக்கல் காட்சிகள் நிறைய இருக்கின்றன, மொத்தப் படமாகத்தான் குறைவு.

ஒன்று மட்டும் நமக்குச் சாதகம். வாய் திறந்தால் எங்கிருந்தோ வயலின் கேட்பதைப் பற்றி நாம் யாரும் சண்டைக்குப் போவதில்லை. மேற்கத்தியப் பார்வையாளர்களில் பலருக்கு அதுவே பெரிய தடை.

திடீரென்று எதற்காகப் பாடுகிறார்கள்? சாதாரணமாகச் சொன்னால் ஆகாதா?

மேடைக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: உணர்ச்சி பேச்சுக்குள் அடங்காதபோது பாட வேண்டும், பாட்டுக்குள்ளும் அடங்காதபோது ஆட வேண்டும்.

மம்மா மியாவிலேயே பாருங்கள். மெரில் ஸ்ட்ரீப் கட்டிலில் சோர்ந்து போய்க் கிடக்கிறார், தோழிகள் இரண்டு பேரும் அவரைத் தேற்றுவதற்காகப் பழைய துணிகளை மாட்டிக்கொண்டு கூத்தடிக்கிறார்கள். மெல்ல எழுகிறார். கட்டிலில் குதிக்கிறார். மூன்று பேரும் படியிறங்கி வெளியே ஓடுகிறார்கள். வழியில் பாத்திரம் கழுவுகிறவர்கள், துணி உலர்த்துகிறவர்கள் என்று தீவிலுள்ள பெண்கள் எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வருகிறார்கள். முதுகில் விறகுக் கட்டோடு ஒரு கிழவி, ஒரு நிமிடம் பார்க்கிறார், கட்டைத் தூக்கி எறிகிறார், அவரும் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார். கடைசியில் அத்தனை பேரும் படகுத்துறைப் பலகையில் திடுதிடுவென்று ஓடிக் கடலில் குதிக்கிறார்கள். நாலு நிமிடம்தான். "வயதாகிவிட்டதே என்று கவலைப்படாதே" என்பதை வசனமாக எழுதியிருந்தால் யார் நின்று கேட்பார்கள்? விறகுக் கட்டு விழுகிற சத்தத்தில் அது முடிந்துவிடுகிறது.

குரல் சரியில்லாதவர்களைப் பாட விட்டிருக்கிறார்களே, காது வலிக்கவில்லையா?

பியர்ஸ் பிராஸ்னனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். ஆமாம், வலிக்கும். ஜேம்ஸ் பாண்டாக நடித்தவர், கோட்டை உயர்த்திவிட்டுத் துப்பாக்கியை எடுக்கிற மிடுக்கோடு வந்து நின்று ஒரு உச்சஸ்தாயி வரியைப் பிடிக்கப் போய், தொண்டை நரம்பு புடைக்க, பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார். அந்த வருடம் மோசமான துணை நடிகருக்கான ராஸி விருதையும் அவருக்குக் கொடுத்துக் கலாய்த்தார்கள். ஆனால் அந்தக் காட்சியில் அவர் இருபது வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போன பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வந்தவர். அந்த இடத்தில் பிசிறில்லாத குரல் வந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இதை ஒரு சங்கீதக்காரரிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பின்னணிக் குரல் நமக்கு ஒரு விஷயமே இல்லை. எம்ஜிஆருக்கும் டி.எம். சௌந்தரராஜன் பாடினார், சிவாஜிக்கும் அவரே பாடினார், யாரும் ஏமாற்று வேலை என்று சொன்னதில்லை. ஹாலிவுட்டில் அதை ஒளித்து வைத்தார்கள். மார்னி நிக்சன் என்ற பாடகி 1956இல் டெபோரா கெர்ருக்கும், 1961இல் நடாலி வுட்டுக்கும், 1964இல் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியிருக்கிறார், எந்தப் படத்திலும் அப்போது அவர் பெயர் போடவில்லை. இதைவிடக் கூத்து சிங்கிங் இன் தி ரெயினில், 1952. ஊமைப்படக் காலத்து நடிகை ஒருத்திக்குக் குரல் கீச்சென்று இருப்பதால், திரைக்குப் பின்னால் இன்னொரு பெண் அவளுக்காகப் பேசுவதும் பாடுவதும்தான் கதை. அந்த இன்னொரு பெண்ணாக நடித்தவர் டெபி ரெனால்ட்ஸ். அவர் குரல் கொடுப்பதாகக் காட்டுகிற ஒரு காட்சியில் நிஜமாகக் குரல் கொடுத்தது, கீச்சுக் குரல் நடிகையாக நடித்த ஜீன் ஹேகனே. ஒரு பாட்டில் ரெனால்ட்ஸுக்காகப் பாடியது பெட்டி நோயிஸ் என்ற மூன்றாவது ஆள். யார் யாருக்குக் குரல் கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தால்தான் புரியும்.

இப்போது காற்று மறுபக்கம் அடிக்கிறது. 2012இல் லே மிசராப்ளேயில் நடிகர்கள் காதுக்குள் பியானோவைக் கேட்டுக்கொண்டே கேமரா முன்னால் நேரடியாகப் பாடினார்கள். 2024இல் வந்த விக்கிட்டிலும் (Wicked) பெரும்பகுதி அப்படித்தான். வழக்கமான முறையில் ஸ்டுடியோவில் முன்கூட்டியே பாடிப் பதிவுசெய்துவிட்டு, படப்பிடிப்பில் அதைப் போட்டு வாயசைப்பார்கள். நேரடியாகப் பாடினால் மூச்சு வாங்குவது கேட்கும். எனக்கு அந்த மூச்சு பிடிக்கும்.

கேபாப் டீமன் ஹண்டர்ஸ் குழந்தைகள் படம்தானே, அதை எதற்கு நீங்கள் மூன்று தடவை பார்த்தீர்கள்?

அக்கா மகள் ஒரு தடவை போட்டாள். மீதி இரண்டு தடவை அவள் ஊருக்குப் போன பிறகு.

2025 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. சோனியின் அனிமேஷன் பிரிவு எடுத்தது, இயக்கியவர்கள் மேகி காங், கிறிஸ் ஆப்பல்ஹான்ஸ். மூன்று பெண்கள் கொண்ட ஒரு கொரியப் பாப் குழு, மேடையில் பாடுவது பகுதி நேரம், பேய்களை வேட்டையாடுவது முழு நேரம். அவர்களை ஒழித்துக்கட்டப் பேய்கள் போடுகிற திட்டம் என்ன தெரியுமா? ஐந்து அழகான பையன்களாக உருமாறி ஒரு போட்டிக் குழு ஆரம்பிப்பது. இதை ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று யாரோ ஒருவர் முதலாளிகளிடம் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார் என்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அந்த வருடம் ஆகஸ்டுக்குள் நெட்ஃபிளிக்ஸில் அதிகம் பேர் பார்த்த படமாகவும் ஆகிவிட்டது, அதன் 'கோல்டன்' பாட்டு பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கும் போனது. நாயகி ரூமிக்குப் பேசுகிற குரல் ஆர்டென் சோ, பாடுகிற குரல் ஈஜே. நம்ம ஊர் முறைதான்.

படத்தில் ஒரு நீலப் புலி வருகிறது. கொரிய நாட்டுப்புற ஓவியங்களில் புலியும் மேக்பை பறவையும் ஜோடியாக இருக்கும், அங்கிருந்து எடுத்தது. எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு இருக்கும் அந்தப் புலி, ரூமியிடம் ஒரு கடிதம் கொடுக்க வரும்போது ஒரு பூந்தொட்டியைத் தட்டிவிடுகிறது. நிமிர்த்தி வைக்கிறது. கை பட்டு மறுபடி விழுகிறது. மறுபடி நிமிர்த்துகிறது. அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், அதற்குத் தொட்டிதான் கவலை. கதைக்கு இதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. புலியின் பாதம் பூனைப் பாதம் மாதிரி தயங்கித் தயங்கித் தொடுவதை யாரோ வாரக்கணக்கில் உட்கார்ந்து அசைத்திருப்பார்கள். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார் என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டை போடுவது இதனால்தான். எடுத்தவர்கள் இவ்வளவு மூளையைச் செலவழித்திருக்கும்போது நான் மட்டும் எதற்காகக் கழற்ற வேண்டும்?

அப்படியானால் அசட்டுத்தனமாக எது எடுத்தாலும் உங்களுக்குப் பிடிக்குமா?

பிடிக்காது. 2019 டிசம்பரில் வந்த கேட்ஸ் இருக்கிறதே. டி.எஸ். எலியட் 1939இல் எழுதிய பூனைக் கவிதைகள், 1981இல் மேடைக்கு வந்து பெரிய வெற்றி. மேடையில் மனிதர்கள் பூனை உடை போட்டு ஆடினார்கள், அது போதுமாக இருந்தது. படத்தில் மனித உடம்பின் மேலேயே கணினியில் ரோமம் வளர்த்தார்கள், முகம் மட்டும் மனித முகம், சில பூனைகள் மேல்கோட்டும் போட்டிருக்கும். அவசரத்தில் வேலை முடியாமலேயே தியேட்டருக்கு வந்துவிட்டது. ஒரு காட்சியில் ஜூடி டென்ச்சின் பூனைக் கைக்குப் பதிலாக அவருடைய சொந்தக் கையே மோதிரத்தோடு தெரிந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திய பிரதியைத் தியேட்டர்களுக்கு அனுப்பி வைத்தார்கள்.

அதைப் பார்த்துச் சிரிக்கலாம், நானும் சிரித்தேன், ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. படத்தோடு சேர்ந்து சிரிப்பதற்கு எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. படத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு அவ்வளவு நேரம் இல்லை.

நல்ல அசடு, மோசமான அசடு என்று எப்படிப் பிரிப்பது?

நடிப்பவர் கண்ணடிக்கிறாரா என்று பாருங்கள். "இது முட்டாள்தனம் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்" என்று பாதியில் நம்மைப் பார்த்து ஒரு புன்னகை வந்துவிட்டால் போச்சு. உள்ளே இருக்கிறவர்களுக்கு அது வாழ்வா சாவா பிரச்சினையாக இருக்க வேண்டும்.

மியூசிக்கல் இல்லாத ஒரு உதாரணம் சொல்கிறேன். லெஸ்லி நீல்சன் பல வருடங்கள் சீரியஸான வேடங்களில் நடித்துக்கொண்டிருந்தவர். 1980இல் ஏர்பிளேன் என்ற காமெடியில் அதே சீரியஸ் முகத்தை மாற்றாமல் கிறுக்கு வசனங்களைச் சொன்னார், அதோடு அவர் வாழ்க்கையே மாறிவிட்டது. அவர் பிற்பாடு நடித்த நேக்கட் கன் வரிசையை 2025இல் மறுபடி எடுத்தபோது லியம் நீசனைப் போட்டார்கள், அதே காரணம்தான். ஆளைக் கடத்தினால் தேடிவந்து கொல்வேன் என்று டேக்கன் படத்தில் மிரட்டிய அதே கரகர குரலில் படுமொக்கைச் சிலேடைகளைச் சொல்லிக்கொண்டு போகிறார். கதையில் எல்லாரும் தேடுகிற கருவியின் மேலேயே 'பிளாட் டிவைஸ்' என்று எழுதியிருக்கும், தமிழில் சொன்னால் கதைக்கருவி. நடுவில் ஒரு காதல் பாட்டுத் தொகுப்பு வருகிறது, பனிமனிதன் ஒன்று உயிர்பெற்று... வேண்டாம், அதை நீங்களே பாருங்கள். மொத்தம் 85 நிமிடம். காமெடிக்கு அதற்கு மேல் எதற்கு?

விமர்சகர்கள் கழுவி ஊற்றிய படத்தை விரும்புவது தப்பா?

தி கிரேட்டஸ்ட் ஷோமேன் 2017 கடைசியில் வந்தபோது அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 90 லட்சம் டாலர்கூட வரவில்லை. விமர்சனங்களும் சுமார்தான். அப்புறம் பார்த்தவர்கள் பாட்டுகளைக் கேட்டுக்கேட்டு இன்னொரு தடவை போனார்கள், போகும்போது இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், கடைசியில் உலகம் முழுவதும் 40 கோடி டாலரைத் தாண்டியது. பிரிட்டனில் அதன் பாட்டு ஆல்பம் மட்டும் 28 வாரம் முதலிடத்தில் இருந்தது.

ஆனால் விமர்சகர்கள் சொன்னதில் ஒரு விஷயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். படத்தின் நாயகன் பி.டி. பார்னம் என்கிற சர்க்கஸ் முதலாளி, நிஜ பார்னம் அந்தப் படத்தில் வருகிற நல்ல மனிதர் இல்லை. ஜாய்ஸ் ஹெத் என்ற கண்தெரியாத கறுப்பினக் கிழவியை 161 வயது என்று சொல்லிக் காட்சிக்கு வைத்துக் காசு பார்த்தவர் அவர். 1836இல் அந்த அம்மா இறந்த பிறகு உடலை அறுத்துப் பார்ப்பதற்குக்கூட டிக்கெட் விற்றார். இது தெரிந்த பிறகும் எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கின்றன, ஆனால் முன்னைப் போல முழு மனதோடு கூடப் பாட முடிவதில்லை.

டிரெய்லரில் பாட்டே இல்லையே, எப்படி மியூசிக்கல் என்று கண்டுபிடிப்பது?

ஒளித்துத்தான் விற்கிறார்கள். வோன்கா, 2023 கடைசி. மீன் கேர்ல்ஸ், 2024 ஜனவரி. இரண்டின் டிரெய்லர்களிலும் பாடுகிற காட்சிகளைக் காட்டவேயில்லை என்று சொல்லிவிடலாம். பாட்டு என்றால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று பயம். டிரெய்லரில் எல்லாரும் ஒரே தாளத்தில் திரும்பிப் பார்க்கிறார்கள், ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

விக்கிட்டும் இந்த வகைதானா?

பாதி. பச்சைத் தோல் சூனியக்காரி எப்படிக் கெட்டவள் ஆனாள் என்கிற கதை, 2003இலிருந்து பிராட்வேயில் ஓடுகிற நாடகம், அதை இரண்டாக உடைத்து 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் விட்டார்கள். முதல் பாதியே 2 மணி 40 நிமிடம், முழு நாடகத்தையும் இடைவேளையோடு அதே நேரத்தில் மேடையில் முடித்துவிடுவார்கள். எனக்கு நீளம் உறுத்தியது. ஆனால் அரியானா கிராண்டே கூந்தலை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை சிலுப்புகிறார் பாருங்கள், அது நல்ல அசடு. ஒரு கிராமம் காட்டுவதற்காக நிஜமாகவே 90 லட்சம் துலிப் நட்டார்கள். நூலகத்துப் பாட்டில் அலமாரிகள் ராட்சதச் சக்கரமாகச் சுழல, அதற்குள் ஏணியில் தொற்றிக்கொண்டு ஜோனதன் பெய்லி ஆடுகிறார், அந்தச் சக்கரமும் நிஜமாகக் கட்டியதுதான். இரண்டாம் பாகம் கனமானது, சிரிக்கலாம் என்று போய் உட்காராதீர்கள்.

இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாது, அரை மணி நேரத்தில் முடிகிற மாதிரி ஏதாவது?

ஷ்மிகடூன், 2021. சண்டை போட்டுக்கொண்டே மலையேறப் போகிற ஒரு ஜோடி ஒரு பாலத்தைக் கடந்தால், எல்லாரும் பாடிக்கொண்டே இருக்கும் ஒரு கிராமம். உண்மைக் காதல் கிடைத்தால்தான் வெளியேற முடியும். அந்தப் பையனுக்கு மியூசிக்கல் என்றாலே அலர்ஜி, யாராவது வாய் திறந்தால் "ஐயோ, இன்னொரு பாட்டா" என்று முகம் சுளிப்பான், அதனால் மியூசிக்கல் பிடிக்காதவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்க ஏற்ற தொடர். இரண்டு சீசனோடு நிறுத்திவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தம்.

ஒன்லி மர்டர்ஸ் இன் தி பில்டிங், மூன்றாவது சீசன், 2023. கொலை வழக்கு நாடகம் ஒன்றை மார்ட்டின் ஷார்ட் பிடிவாதமாக மியூசிக்கலாக மாற்றுகிறார். சந்தேகத்துக்குரியவர்கள் தொட்டிலில் கிடக்கும் மூன்று குழந்தைகள். எது கொலைகாரக் குழந்தை என்று ஸ்டீவ் மார்ட்டின் மூச்சுவிடாமல் நாக்குப் பிறழாமல் ஒரு பாட்டுப் பாட வேண்டும், பயத்தில் ஒவ்வொரு ஒத்திகையிலும் அவருக்கு எல்லாம் மறந்து மனம் வெறுமையாகிவிடுகிறது. கடைசியில் அவர் அதைப் பாடி முடிக்கும்போது நானும் மூச்சு விட்டேன்.

ஸ்டார் டிரெக்கும் உண்டு. ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் இரண்டாவது சீசனில் ஒரு விண்வெளிக் கோளாறால் கப்பலில் இருப்பவர்கள் எல்லாரும் பாட ஆரம்பித்துவிடுகிறார்கள், அதை அவர்கள் பாதுகாப்பு அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் பாட்டில் பொய் சொல்ல முடிவதில்லை. கேப்டனும் அவர் காதலியும் தங்கள் சொந்தச் சண்டையை மொத்த அலுவலகமும் பார்க்கப் பெரிய திரையில் பாடித் தீர்க்கிறார்கள், மற்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

பாட்டே வேண்டாம், ஆனால் இதே மாதிரி லேசாக இருக்க வேண்டும்.

வாலஸ் அண்ட் குரோமிட் வரிசையில் 2024 டிசம்பரில் வந்த வெஞ்சன்ஸ் மோஸ்ட் ஃபவுல். களிமண் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி எடுக்கும் படம். வில்லன் ஒரு பென்குயின், 1993இல் வந்த பழைய படத்தில் திருடிப் பிடிபட்டதற்குப் பழிவாங்க வருகிறது. அதற்கு முகபாவமே கிடையாது, பாசிமணி மாதிரி இரண்டு கண்கள், ஒரு அலகு. மாறுவேடம் போட வேண்டுமென்றால் தலையில் ஒரு சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொள்ளும், உடனே எல்லாரும் கோழி என்று நம்பிவிடுவார்கள். அந்தக் கையுறையை அது கழற்றும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லிடுகிறது. எதிர்ப்பக்கம் குரோமிட் என்கிற நாய்க்கு வாயே கிடையாது, புருவத்தாலேயே முழுப் படத்தையும் நடித்துவிடும்.

படத்தோடு சேர்ந்து சத்தமாகப் பாடலாமா?

வீட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். தியேட்டரில் சேர்ந்து பாடும் காட்சி என்று அறிவித்திருந்தால் மட்டும். தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ 1975இல் வந்து விழுந்த படம். அடுத்த வருடம் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்ததும், வந்தவர்களே திரையைப் பார்த்துப் பதில் வசனம் கத்தி, உடை போட்டு, முன்னால் நின்று நடித்துக்காட்டி, அதை வேறொன்றாக மாற்றிவிட்டார்கள். கேபாப் டீமன் ஹண்டர்ஸையும் 2025 ஆகஸ்டில் சேர்ந்து பாடுவதற்காகவே தியேட்டர்களுக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரணக் காட்சியில் பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் குரலுக்காக டிக்கெட் எடுக்கவில்லை.

டப்பிங்கா, சப்டைட்டிலா?

மூல மொழி, கீழே எழுத்து. பாட்டு வரிகளில்தான் ஜோக் இருக்கும், வேகமாகப் போய்விடும்.

போனை நோண்டிக்கொண்டே பார்க்கலாமா?

அந்தப் பூந்தொட்டி விழுவது தவறிவிடும்.

பிடிக்குமா பிடிக்காதா என்று எவ்வளவு நேரத்தில் முடிவு செய்யலாம்?

இரண்டாவது பாட்டு வரை. முதல் பாட்டில் யாருக்குமே கூச்சமாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கும். இரண்டாவது பாட்டிலும் தோள் இறுக்கமாகவே இருந்தால் நிறுத்திவிட்டு வேறு ஏதாவது பாருங்கள், உங்கள் மேல் தப்பில்லை, படத்தின் மேலும் தப்பில்லை.

இதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. முதலில் எது?

மம்மா மியா. பிடித்திருந்தால் 2018இல் வந்த இரண்டாம் பாகத்தையும் பாருங்கள், அதில் மெரில் ஸ்ட்ரீப்பின் அம்மாவாக ஷெர் ஹெலிகாப்டரில் வந்து இறங்குவார். நிஜத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் மூன்றே வயதுதான் வித்தியாசம், அதைப் பற்றிப் படத்தில் யாருக்கும் ஒரு கவலையும் இல்லை. முதல் படத்தில் கடலில் குதிக்கும் பாட்டின்போது படகில் உட்கார்ந்து பியானோ வாசிக்கும் தாடிக்காரரையும் கவனியுங்கள், அந்தப் பாட்டுகளை எழுதி இசையமைத்தவர்களில் ஒருவரான பென்னி ஆண்டர்சன் அவர்தான். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடாதீர்கள். பளபளவென்ற ஜிகினா உடையில் மெரில் ஸ்ட்ரீப் தோழிகளோடு வந்து ஒரு பாட்டு ஆடிவிட்டு, நேராக உங்களைப் பார்த்து "இன்னொன்று வேண்டுமா?" என்று கேட்பார். வேண்டும் என்று சத்தமாகச் சொல்லுங்கள், நான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.